மாடிப்படி விளக்கைப் போட்டால் கீழ் வீடே இருண்டுபோகிறது

கேள்வி: எங்கள் வீடு கட்டி 14 வருடம் ஆகிறது. கீழே நாங்களும் மாமியாரும் இருக்கிறோம். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம், மாடிக்குத் தனி மீட்டர். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மாடியில் ஒரு சுவிட்ச். எங்கே வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம். இத்தனை வருடம் நன்றாகவே இருந்தது. போன மாதம் கீழ் வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்து இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) பொருத்தினோம். அன்றிலிருந்து படி விளக்கைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்து கீழ் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. 9 வாட் பல்பைக் கழற்றிவிட்டு அரை வாட் நைட் லேம்ப் போட்டால் மட்டும் ஒன்றும் ஆவதில்லை. வயரிங் பார்க்க வந்தவர், "இது தொல்லை, ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிடலாம்" என்கிறார். இன்னொன்று: மாமியார் வற்றல் எடுக்க, துணி எடுக்க என்று பொழுது சாய்ந்த பிறகும் மொட்டை மாடிக்குப் போய் வருகிறார். மொட்டை மாடிக் கதவருகே மூன்றாவதாக ஒரு சுவிட்ச் வைக்க முடியுமா? இரண்டு இடத்துக்கு மேல் முடியாது என்கிறாரே! – வாசகி, திருச்சி.

பதில்: அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.சி.பி.யை யார் சொன்னாலும் எடுக்க விடாதீர்கள். அதில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 14 வருடமாக உங்கள் சுவருக்குள் இருக்கும் ஒரு தப்பை அது வந்த முதல் நாளே பிடித்திருக்கிறது.

நைட் லேம்ப் போட்டால் விழுவதில்லை என்று எழுதினீர்களே, எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை எளிமையானது. பேஸ் வயர் வழியாக எவ்வளவு கரண்ட் வெளியே போகிறதோ, அவ்வளவும் நியூட்ரல் வயர் வழியாகத் தன்னிடமே திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், எங்கோ ஒரு மனிதர் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிகிறது என்று எண்ணிக் கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். அதாவது கசியும் கரண்ட் 15-ஐத் தாண்டியதும் 30-க்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

இப்போது உங்கள் பல்பைப் பாருங்கள். 9 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 39 மில்லி ஆம்பியர். எல்.இ.டி. பல்புகள் இந்தக் கணக்கைவிடக் கூடுதலாகவே இழுக்கும். அரை வாட் நைட் லேம்புக்கு அதே கணக்கில் 2 மில்லி ஆம்பியர்தான். 9 வாட்டுக்கு விழுகிறது, அரை வாட்டுக்கு விழவில்லை என்றால், பல்புக்குள் போகும் கரண்ட் முழுவதுமே கீழ் வீட்டு ஆர்.சி.சி.பி.க்குத் திரும்பி வரவில்லை. வேறு வழியாகப் போகிறது. அந்த வேறு வழி மாடி வீட்டு நியூட்ரலாகத்தான் இருக்க வேண்டும்.

எப்படி இப்படி ஆனது என்றும் ஊகிக்க முடிகிறது. வீடு கட்டும்போது படி சுவிட்சுக்கான பேஸைக் கீழ் வீட்டு டிபி பாக்ஸிலிருந்து (மெயினிலிருந்து கரண்ட் ஒவ்வொரு லைனாகப் பிரியும் பெட்டி) எடுத்திருப்பார்கள். விளக்கு இருப்பதோ மாடித் தளத்துக்குப் பக்கத்தில். கீழேயிருந்து நியூட்ரலுக்கு என்று தனியாக ஒரு வயரைப் பைப்புக்குள் இழுத்து வர வேண்டும். அதைச் செய்யாமல், பக்கத்தில் இருந்த மாடி வீட்டு ஜங்ஷன் பாக்ஸில் ஒரு கறுப்பு வயரைப் பார்த்து அதிலேயே முறுக்கிவிட்டார்கள். இரண்டு மீட்டரின் நியூட்ரலும் வெளியே ஈ.பி. லைனில் ஒன்றாகச் சேர்வதால் பல்பு எரியும். யாருக்கும் தெரியாது. பத்து மீட்டர் வயர் மிச்சம் பிடித்ததன் பலன் இது.

"எரிகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். என் கதையைச் சொல்கிறேன். நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வீட்டு மாடியில் ஃபேன் லைன் பார்க்க ஏறினேன். மாடி மெயினை அணைத்தேன். சிவப்பு வயரில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. சரி, கரண்ட் இல்லை என்று கறுப்பு வயர்களின் முறுக்கைப் பிரித்தேன். பிரித்த அந்த நொடியில் வெளியே மாடிப்படி விளக்கு அணைந்தது, என் கை இழுத்துப் பிடித்தது. ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டில் விரிசல், ஒன்றரை மாதம் கட்டு. கீழ் வீட்டுப் பேஸ் அந்தப் படி விளக்கு வழியாக வந்து நான் பிரித்த கறுப்பு வயரில் நின்றிருந்தது. மெயினை அணைத்தவன் தொடும் நியூட்ரலில் இன்னொரு வீட்டுக் கரண்ட் காத்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்கள் மாடியில் குடியிருப்பவர் நாளை ஒரு ஃபேனைக் கழற்ற ஆள் கூப்பிட்டால், அந்த ஆளுக்கும் தெரியாது. நைட் லேம்ப் போட்டுச் சமாளிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான். கரண்ட் குறைவாகப் போவதால் ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும், ஆனால் தப்பான இணைப்பு அப்படியே இருக்கும்.

நான் சொல்வது சரிதானா என்று எந்தப் பெட்டியையும் திறக்காமல் நீங்களே பார்த்துவிடலாம். அதே நைட் லேம்பை ஹோல்டரில் போட்டு எரிய விடுங்கள். மாடியில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு அரை நிமிடம் மாடி வீட்டு மெயினை மட்டும் அணையுங்கள். அந்த நேரம் மாடியில் யாரும் பிளக், வயர் எதிலும் கை வைக்க வேண்டாம். கீழே கரண்ட் இருக்கும்போதே படி விளக்கு அணைந்தால் நியூட்ரல் மாடியுடையது, சந்தேகமே இல்லை. அணையவில்லை என்றால் மட்டும் முடிவு கட்டாதீர்கள். பேஸை மட்டும் துண்டிக்கும் பழைய மெயினாக இருந்தால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அப்போது வயர்மேன் மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சரிசெய்ய நல்ல வழி, கீழ் வீட்டு ஆர்.சி.சி.பி.யிலிருந்து வெளிவரும் நியூட்ரலையே ஒரு கறுப்பு வயராக மேலே விளக்கு வரை கொண்டுபோவது. மாடி நியூட்ரலிலிருந்து விளக்கை முழுவதுமாகப் பிரித்துவிட வேண்டும். படிப் பைப்பில் இப்போது இரண்டு வயர்தான் இருக்கும். முக்கால் இஞ்ச் பைப்பாக இருந்தால் மூன்றாவது வயர் தாராளமாகப் போகும். இன்வெர்ட்டர் வைத்திருந்து, கரண்ட் போனாலும் படியில் வெளிச்சம் வேண்டும் என்று நினைத்தால், பேஸ் நியூட்ரல் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஒன்றை இங்கிருந்து, ஒன்றை அங்கிருந்து என்று கலக்கக் கூடாது.

இனி மூன்றாவது சுவிட்ச். முடியும் அம்மா. மூன்று என்ன, நான்கு ஐந்து இடத்திலிருந்துகூடப் போட்டு அணைக்கலாம். எப்படி என்று உங்களுக்கே புரிந்துவிட்டால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருச்சி ஜங்ஷனில் தண்டவாளம் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாதை இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, அந்தப் பக்கம் மறுபடி ஒன்றாகச் சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரியும் இடத்தில் உள்ளது கீழ் சுவிட்ச், சேரும் இடத்தில் உள்ளது மேல் சுவிட்ச். இரண்டும் ஒரே தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தால் வண்டி போகும், விளக்கு எரியும். ஒன்று இடது பாதைக்கும் மற்றது வலது பாதைக்கும் திரும்பியிருந்தால் வண்டி நின்றுவிடும், விளக்கு அணையும். யார் எந்தப் பக்கம் தட்டினாலும் நிலைமை மாறும். டூ-வே சுவிட்ச் இவ்வளவுதான். சாதாரண சுவிட்சுக்குப் பின்னால் இரண்டு திருகு இருக்கும், இதற்கு மூன்று. ஒன்று காமன், மற்ற இரண்டும் அந்த இரண்டு பாதைகள். கீழ் சுவிட்ச் காமனில் பேஸ் வரும். மேல் சுவிட்ச் காமனிலிருந்து விளக்குக்குப் போகும். நியூட்ரல் எந்தச் சுவிட்சையும் தொடாமல் நேரே விளக்குக்குப் போகும்.

மூன்றாவது இடம் வேண்டுமென்றால், அந்த இரண்டு பாதைகளுக்கு நடுவில் ஒரு குறுக்கு மாற்றியை வைக்கிறோம். ஒரு தட்டலில் இரண்டு பாதையும் நேர் நேராகப் போகும். அடுத்த தட்டலில் ஒன்றுக்கொன்று இடம் மாறிக் குறுக்காகப் போகும். இதற்கு இன்டர்மீடியட் சுவிட்ச் என்று பெயர், பின்னால் நான்கு திருகு இருக்கும். நான்காவது இடம் வேண்டுமா? நடுவில் இன்னொரு இன்டர்மீடியட். இரண்டு முனைகளிலும் எப்போதும் டூ-வே, நடுவில் வருவதெல்லாம் இன்டர்மீடியட். உங்கள் வயர்மேன் முடியாது என்று சொன்னது, இந்தச் சுவிட்சைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அமையாததால் இருக்கலாம். நம் ஊர்க் கடைகளில் அது அதிகம் போகாத சரக்கு, நிறையக் கடைகளில் வைத்திருப்பதும் இல்லை.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. "நாலு திருகு உள்ள சுவிட்ச்" என்று கேட்டால் கடைக்காரர் டபுள் போல் சுவிட்சை எடுத்துக் கொடுத்துவிடுவார். அது கீசருக்கு, ஏசிக்குப் போடுவது. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும், குறுக்கு மாற்றாது. அதைப் போட்டால் உங்கள் படி விளக்கு ஒருநாளும் ஒழுங்காக எரியாது. இன்டர்மீடியட் என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள், உங்கள் சுவிட்ச் பிளேட் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். எல்லா மாடலிலும் இது வருவதில்லை. நான்கு திருகில் எது உள்ளே வருவது, எது வெளியே போவது என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வயர்மேன் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்து இரண்டு நிலையிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்து மாட்டினால் பாதி நேரம் தப்பிப் போகும்.

உங்கள் வீட்டில் எப்படி வரும் என்று படியில் ஏறியபடியே சொல்கிறேன். கீழ் சுவிட்ச் அப்படியே இருக்கட்டும். மாடியில் இப்போதுள்ள டூ-வேயைக் கழற்றி, அந்த இடத்தில் இன்டர்மீடியட். கீழேயிருந்து வரும் இரண்டு வயரும் அதன் ஒரு ஜோடித் திருகில் சேரும். அடுத்த ஜோடியிலிருந்து இரண்டு வயர் மொட்டை மாடிக்கு ஏறும். அங்கே கதவருகே, கழற்றிய அந்த டூ-வேயே நல்ல நிலையில் இருந்தால் அதையே மாட்டலாம். அதன் காமனிலிருந்து ஒரு வயர் திரும்ப இறங்கி வந்து பழைய விளக்கு வயரோடு சேரும். ஆகவே மாடிக்கும் மொட்டை மாடிக்கும் நடுவே மூன்று வயர். கதவுக்கு மேலே இன்னொரு பல்பும் போட்டு, இரண்டும் ஒன்றாக எரிய வேண்டுமென்றால் நியூட்ரலையும் சேர்த்து நான்கு. அந்த இரண்டாவது பல்பை நான் கட்டாயம் போடச் சொல்வேன். கடைசிப் படிக்கட்டில்தான் வெளிச்சம் குறையும், அங்கேதான் கதவு நிலையும் தடுக்கும். வயர் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்பு போதும். சுவிட்சுகளுக்கு நடுவே பாதைகளாக ஓடும் இரண்டு இணைப்பு வயரும் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றிலும் சேராத ஒரே நிறமாக இருந்தால் பின்னால் வந்து பார்ப்பவருக்குக் குழப்பம் இருக்காது.

அந்த மேல் பகுதிக்குப் பைப் பதித்திருக்கிறார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் சுவரை வெட்ட வேண்டாம், கேசிங் கேப்பிங் என்னும் மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டியில் சுவரை ஒட்டிக் கொண்டுபோகலாம். சுவிட்ச் பெட்டி கதவுக்கு உள்பக்கம், படி இருக்கும் பக்கமே வரட்டும். வெளிச் சுவரில் வைத்தால் ஐப்பசி மழையில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, மறுபடி ஆர்.சி.சி.பி. விழும் கதைதான்.

இன்னொரு முறையில் சிலர் இதைச் செய்வார்கள், அதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வயர் மிச்சமாகும் என்று ஒவ்வொரு சுவிட்சுக்கும் அந்தந்த வீட்டிலிருந்தே பேஸும் நியூட்ரலும் கொடுத்து, இரண்டு காமனுக்கும் நடுவே பல்பை மாட்டிவிடுவார்கள். பார்க்க நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டு பக்கமும் பேஸ் வரும் நிலையிலும் விளக்கு அணைந்துதான் இருக்கும். அணைந்திருக்கிறதே என்று பல்பு மாற்ற ஹோல்டரில் கை வைப்பவருக்கு இரண்டு முனையிலும் ஷாக் காத்திருக்கும். ஈ.பி. லைனில் வரும் மூன்று பேஸ்களில் கீழ் வீட்டுக்கு ஆர் பேஸ், மாடிக்கு ஒய் பேஸ் வந்திருந்தால் இன்னும் மோசம். 230-க்குச் செய்த பல்பின் மேல் கிட்டத்தட்ட 400 வோல்ட் விழும். எந்த வீட்டில் இதைப் பார்த்தாலும் நான் முதலில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவேன்.

சென்சார் வைத்த பல்பு போட்டால் சுவிட்சே வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள். வயதானவர்கள் ஏறும் படிக்கு அதை மட்டும் நம்பி விட நான் சம்மதிக்க மாட்டேன். மூச்சு வாங்க நடுப்படியில் கொஞ்சம் நின்றால், ஆள் அசையவில்லை என்று அது அணைந்துவிடும். நான்கைந்து மாடிக் கட்டடமென்றால் இம்பல்ஸ் ரிலே என்று ஒன்று உண்டு, பட்டனை ஒருமுறை அழுத்தினால் விளக்கைப் போடும், மறுமுறை அழுத்தினால் அணைக்கும். டிபி பாக்ஸில் அதை வைத்து, ஒவ்வொரு தளத்திலும் காலிங் பெல் பட்டன் மாதிரி ஒன்றை வைத்துவிடலாம். உங்கள் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம்.

வேலையை நீங்களே செய்ய முயல வேண்டாம், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். வேலை செய்யும் நேரம் கீழ், மாடி இரண்டு வீட்டு மெயினும் அணைந்திருக்க வேண்டும். இது மிக முக்கியம். என் மணிக்கட்டு இன்னும் குளிர்காலத்தில் வலிக்கிறது.

பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் நின்று பார்க்க வேண்டியவை உண்டு. மூன்று சுவிட்சுக்கும் சேர்த்து எட்டு விதமான நிலைகள் வரும். நான்கில் எரியும், நான்கில் அணையும். மூவர் மூன்று இடத்தில் நின்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். எந்தச் சுவிட்சை எப்போது தட்டினாலும் விளக்கு மாறியாக வேண்டும். "கீழே போட்டு வைத்தால்தான் மேலே வேலை செய்கிறது" என்ற நிலை வந்தால், ஏதோ ஒரு டூ-வேயில் காமனில் மாட்ட வேண்டிய வயரைப் பக்கத்துத் திருகில் மாட்டியிருக்கிறார் என்று பொருள். ஐந்து நிமிட வேலை, அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். அடுத்து 9 வாட் பல்பு எரியும்போதே மாடி மெயினை அணைத்துப் பாருங்கள், படி விளக்கு அசையக் கூடாது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். இந்தப் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும், அணைத்த எல்.இ.டி. பல்பு இருட்டில் மின்மினி போல லேசாக மினுங்கலாம். பயப்படாதீர்கள். இணைப்பு வயர்கள் இரண்டும் ஒரே பைப்பில் நீள ஓடுவதால், கரண்ட் உள்ள வயர் பக்கத்து வயரில் துளி மின்சாரத்தைத் தூண்டும். பேஸ்தான் சுவிட்ச் வழியாகப் போகிறது என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, வேறு கம்பெனி பல்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். சின்ன இண்டிகேட்டர் விளக்கு வைத்த சுவிட்சுகளும் இதே மினுக்கத்தைக் கூட்டும். ஆகவே மாமியாருக்கு இருட்டில் சுவிட்ச் தெரிய வேண்டுமென்றால், பிளேட்டின் ஓரத்தில் ஒரு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். சுவிட்ச் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறும் பக்கமே, அவர் தோளுக்குக் கீழே எட்டும் உயரத்தில் வரட்டும். பெட்டி பதிக்கும் முன் அவரையே நிற்கவைத்து அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

அதுவரை படி விளக்கைப் போடாமல், சார்ஜ் செய்யும் எமர்ஜென்சி விளக்கு ஒன்றைப் படியில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு டிபி பாக்ஸ் மூடியின் உள்பக்கத்திலும், "மாடிப்படி விளக்கு – கீழ் வீட்டு லைன்" என்று எழுதி ஒட்டுங்கள். மாடியில் குடியிருப்பவர்களிடமும் வாயால் ஒருமுறை சொல்லிவையுங்கள்: அவர்கள் வீட்டு மெயினை அணைத்தாலும், படி சுவிட்ச் உள்ள அந்தப் பெட்டிக்குள் கரண்ட் இருக்கும்.